யூகக் கண்

"மூடிதான் போட்டிருக்கே கோதை, எதுக்கு இப்படிப் பிடிச்சு இழுக்கற?"ன்னு என் வீட்டுக்காரரு கேட்டாரு.

என் கண்ணு முன்னால சம்ப், தரைக்கு அடியில இருக்கற தண்ணித் தொட்டி, 'ஆ'ன்னு திறந்து கிடக்கு. இன்னும் ஒரே ஒரு எட்டு எடுத்து வெச்சிருந்தா மனுஷன் உள்ளே போயிருப்பாரு. நான் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்த வேகத்துல மேல் பட்டன் தெறிச்சு எங்கேயோ போயிடுச்சு. நான் இன்னும் காலரை விடல. அவரு என்னடான்னா, நாலு பேரு முன்னாடி மானத்தை வாங்கிட்ட மாதிரி என்னை முறைக்கிறாரு.

கோடை வந்தா எங்க கோவிலம்பாக்கத்துல லாரித் தண்ணிதான் கதி. லாரிக்காரர் வந்து கார் பார்க்கிங்ல இருக்கற சம்ப் மூடியைத் தூக்கிச் சுவத்துல சாத்திட்டு, ஹோஸை உள்ளே விட்டுட்டு, எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போயிடுவாரு. தண்ணி அது பாட்டுக்குக் கொட்டும். எத்தனை தடவை சண்டை போட்டாலும் இதேதான் வழக்கம்.

"எங்கே மூடியிருக்கு? நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பாக்கறேன். துருப்பிடிச்ச இரும்பு மூடி. நடுவுல வளையம். வளையத்துல பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருக்கு. போதுமா?"

எல்லாம் சரிதான். மூடி அப்படித்தான் இருக்கும். ஆனா அது அந்தாண்ட சுவத்துல சாஞ்சு நிக்குது.

"சரி, மூடியிருக்குன்னா இந்த ஹோஸ் எங்கே போகுது?"

அவரு சுத்தியும் பாத்துட்டு, "எந்த ஹோஸ்?"ன்னாரு.

அந்த ஒரு கேள்வியிலதான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. தொடை தண்டிக்கு ஹோஸ் அவரு காலை உரசிக்கிட்டுக் கிடக்கு, எந்த ஹோஸ்னு கேக்கறாரு. கீழே கிடந்த கல்லு ஒண்ணை எடுத்து உள்ளே போட்டேன். 'டொபுக்'னு சத்தம் வந்துச்சு. அவரு முகம் மாறிப் போச்சு. மெல்லக் குத்துக்கால் போட்டு உக்காந்து, கையை நீட்டினாரு. கை அந்த ஓட்டைக்குள்ள முழங்கை வரைக்கும் போச்சு.

"கோதை," குரல் ரொம்பச் சின்னதா வந்துச்சு, "என் கை மூடி மேலதான் இருக்கு. எனக்கு அப்படித்தான் தெரியுது. ஆனா காத்துதான் படுது."

அன்னிக்கு ஆரம்பிச்ச பயம்.

என் வீட்டுக்காரரு பேரு திருநாவுக்கரசு. எல்லாருக்கும் அரசு. அம்பத்தூர்ல முலாம் பூசற பட்டறையில வேலை பாத்தாரு. குழலி என் வயித்துல இருக்கும்போது ஆசிட் தொட்டி வெடிச்சு, ரெண்டு கண்ணும் போயிடுச்சு. பெத்த பொண்ணோட மூஞ்சியை விரலால தடவித் தடவித்தான் அவருக்குப் பழக்கம். அப்புறம்தான் இந்தப் புதுக் கண்ணு வந்துச்சு. மூக்குக் கண்ணாடியில குட்டிக் கேமரா, பின்மண்டைக்குள்ள ஒரு சில்லு. கேமரா பாக்கறதைச் சில்லு மூளைக்குச் சொல்லும். கட்டுப் பிரிச்ச அன்னிக்கு எங்க வீட்டுல எல்லாரும் அழுத அழுகை கொஞ்ச நஞ்சம் இல்ல.

எனக்கு மட்டும் அன்னிக்கு வேற ஒரு பயம். பாப்பா பொறந்தப்புறம் எனக்கு வாயைச் சுத்தி, இடது கண்ணைச் சுத்தியெல்லாம் வெள்ளை விழுந்துடுச்சு. தேமல் இல்ல, வெண்புள்ளி. அவருக்குக் கண்ணு தெரியாதே, எதுக்குச் சொல்லிக் கஷ்டப்படுத்தணும்னு விட்டுட்டேன். கட்டுப் பிரிக்கறப்போ ஆஸ்பத்திரிச் சுவரோட ஒட்டிக்கிட்டு நின்னேன். அவரு என்னை நிமிர்ந்து பாத்தாரு. பாத்துட்டு, "அப்படியே இருக்கியே கோதை"ன்னாரு. நான் பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டு அழுதேன். இப்படி ஒரு மனுஷனானு இருந்துச்சு.

சம்ப் விஷயம் நடந்த மறுநாளே பெருங்குடியில இருக்கற அந்தக் கம்பெனிக்கு அவரைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டேன். ரெபேக்கானு ஒரு இன்ஜினியர் பொண்ணு. அவதான் ஆரம்பத்துல இருந்து அவரோட சில்லைப் பாத்துக்கறவ. நல்ல பொண்ணு, ஆனா சிரிச்சுக்கிட்டே குண்டைத் தூக்கிப் போடுவா.

"அக்கா, கேமராவுல இருந்து மூளைக்கு நாங்க அனுப்ப முடியறது ரொம்பக் கொஞ்சம். கோலத்துல அங்கங்கே நாலு புள்ளி வெச்ச மாதிரி. மீதிக் கோட்டைச் சில்லுதான் இழுத்துக்கும்."

"எதை வெச்சு இழுக்கும்?"

"வழக்கமா அந்த இடத்துல என்ன இருக்குமோ, அதை வெச்சு. சார் அந்த வழியா மாசக் கணக்குல நடந்திருக்காரு. எப்பவும் மூடிதான் இருந்திருக்கு. அதனால மூடியைப் போட்டு நிரப்பிடுச்சு."

"அப்போ வழக்கம் இல்லாதது எதிர்ல வந்தா?"

"பெரும்பாலும் பிடிச்சிடும்கா."

"பெரும்பாலும்னா? எம்மா, அவரு செத்திருப்பாரும்மா!"

அவ சிரிப்பு போயிடுச்சு. ரெபேக்கா ஒரு ஒயரை எடுத்து அவரு பின்மண்டையில சொருகினா. எதிர்ல இருந்த ஸ்கிரீன்ல அவருக்குத் தெரியறது எங்களுக்கும் தெரிஞ்சுது. அந்த ரூம், மேசை, ரெபேக்கா. அவரு தலையைத் திருப்பி என்னைப் பாத்தாரு. ஸ்கிரீன்ல நான் வந்தேன்.

என் மூஞ்சியில ஒரு வெள்ளை இல்ல. கன்னமெல்லாம் மாசு மருவில்லாம, கல்யாண ஆல்பத்துல இருந்து எழுந்து வந்த மாதிரி உக்காந்திருக்கேன். நான் வாயைத் திறந்தா அதுவும் திறக்குது. நான் பயந்தா அதுவும் பயப்படுது. நான் கன்னத்தைத் தொட்டுப் பாத்தேன், அதுவும் தொட்டுச்சு.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஃபோட்டோ கேட்டிருந்தோமில்லக்கா," ரெபேக்கா மெதுவாச் சொன்னா. "உங்க ஆல்பம், பாப்பா ஃபோட்டோ எல்லாம் குடுத்தீங்க. வீட்டு ஆளுங்க மூஞ்சிக்கு, சில நேரம் உடுப்புக்கும், அதைத்தான் எடுத்துக்கும்."

"என்ன கோதை, என்ன ஆச்சு?"ன்னு அவரு கேட்டாரு. ஒண்ணும் இல்லைன்னுட்டேன்.

"இந்த நிரப்பறதைக் குறைக்க முடியாதா?"ன்னு நான் கேட்டேன். முடியும்னு அவ கொஞ்சம் குறைச்சுக் காட்டினா. ஸ்கிரீன் முழுக்கப் பழைய டிவியில புள்ளி புள்ளியா வருமே, அப்படி ஆயிடுச்சு. ரெபேக்கா இருந்த இடத்துல சாம்பல் கலர்ல ஏதோ நெளியுது. என் வீட்டுக்காரரு வீல்னு கத்தி, நாற்காலியோட பின்னால சாஞ்சுட்டாரு. "போடு! பழையபடி போடும்மா!"ன்னு கெஞ்சினாரு. அவரு கெஞ்சி நான் பாத்ததே இல்ல.

கிளம்பறப்போ ரெபேக்கா என்னைத் தனியாக் கூப்பிட்டா. "நீங்க ஆபத்துன்னு எழுதிக் குடுத்தா, கம்பெனி சில்லையே ஆஃப் பண்ணிடுவாங்க. திரும்பப் போட மாட்டாங்க. யோசிச்சுச் செய்ங்க. அப்புறம், இதைச் சொல்லியே ஆகணும். நம்ம கண்ணும் இதேதான்கா பண்ணுது. பாதியைத்தான் பாக்கறோம். மீதியை மூளை நிரப்பிக்குது."

எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு தாயி. நீ அவரு கண்ணைப் பாரு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தப்புறம் வெடிச்சுது. நாத்தனார் தமயந்திக்கு இவரு ஃபோன் பண்ணி நடந்ததைச் சொன்னாரு. அவங்க ஸ்பீக்கர்ல எனக்குக் கேக்கற மாதிரியே, "கண்ணு வந்த மனுஷனைத் திரும்பவும் குருடனாக்கப் பாக்கறாளா?"ன்னு கேட்டாங்க. இவரு அதை மறுக்கல.

"உனக்கு என் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயே பழகிப் போச்சு," என்னைப் பாத்துச் சொன்னாரு. "இப்போ நானே நடக்கறேன், கடைக்குப் போறேன், பொண்ணைப் பாத்துக்கறேன். அது உனக்குப் பொறுக்கல. ஒரு தடவை ஒரு மூடி தப்பாத் தெரிஞ்சுது. அதுக்குப் போய் இந்த ஆட்டம் ஆடற."

"ஒரு தடவையா? நீங்க தினம் பாக்கற என் மூஞ்சியே பொய்ங்க!"

சொல்லிட்டேன். வாயை விட்டுப் போனது போனதுதான். வெண்புள்ளி விஷயம் முழுக்கச் சொன்னேன். அவரு நம்பல. கிட்ட வந்து கண்ணாடியைக் கழட்டிட்டு, பழைய நாள் மாதிரி விரலால என் முகத்தைத் தடவினாரு. நெத்தி, கண்ணு, வாயோரம். வெண்புள்ளி தடவினாத் தெரியுமா? தோலு தோலு மாதிரிதான் இருக்கும். திரும்பத் திரும்பத் தடவினாரு. கண்ணும் இல்லைங்குது, கையும் இல்லைங்குது. நான் ஒருத்திதான் இருக்குதுங்கறேன்.

கையை எடுத்துட்டு, "அப்போ உன் வார்த்தையை நம்பித்தான் நான் வாழணுமா?"ன்னு கேட்டாரு.

"ஆமா."

"நீ தப்பாப் பாத்தா?"

"எனக்கு என்னங்க கேடு? என் கண்ணு ஒழுங்காத்தானே இருக்கு."

குழலி அந்த நேரம் பென்சில் டப்பாவைக் கொட்டி வெச்சுக்கிட்டுத் தரையில உக்காந்திருந்தா. நான் அவளைத் தூக்கி அவரு முன்னாடி நிறுத்தினேன். "நான் எழுதிக் குடுக்க மாட்டேன். உங்க கண்ணை யாரும் பிடுங்க வேண்டாம். ஆனா பாப்பா தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க. உங்க கண்ணு ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா, நான் சொல்றதைத்தான் கேப்பீங்க. அந்த நேரத்துல கேள்வி கேக்கக் கூடாது."

எங்க வீடுகள்ல எந்தச் சத்தியத்தை மீறினாலும் மீறுவாங்க, பிள்ளை தலையில அடிச்சதை மீற மாட்டாங்க. மீறினா அது பிள்ளை உயிருக்கு ஆகாதுன்னு பயம். அவரு குனிஞ்சாரு. குழலி தலையில கையை வெச்சு, "சத்தியம்"னாரு. அவ "என்னப்பா?"ன்னு மேலே பாத்துச் சிரிச்சா.

அதுக்கப்புறமாவது நிம்மதியா இருந்தேனான்னா, எங்கே! லீவு விட்டாச்சு. குழலி நாள் பூரா வீட்டுல. நான் ரத்த டெஸ்ட் எடுக்கற லேப்ல வேலை பாக்கறவ, வேளச்சேரியில. லீவு கேட்டா ஓனர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு. பாப்பாவை இவருகிட்ட விட்டுட்டுத்தான் போகணும். வீட்டுல இருக்கறப்போ சும்மாச் சும்மா அவரைச் சோதிச்சுக்கிட்டே இருப்பேன். ஸ்டூலை இடம் மாத்தி வெப்பேன். சில நாள் சரியாச் சுத்திப் போவாரு. சில நாள் இடிச்சுக்குவாரு. இடிச்சுக்கிட்டா எனக்குப் பயம். இடிச்சுக்காட்டி அதைவிடப் பயம்.

ஒரு ஞாயித்துக்கிழமை குழலி அவரோட சிவப்புத் துண்டைத் தலையில முக்காடா போட்டுக்கிட்டு, டைனிங் டேபிளுக்கு அடியில உக்காந்திருந்தா. இவரு குனிஞ்சு நேரா அவளைப் பாத்தாரு. பாத்துட்டு, "பாப்பா எங்கே கோதை? சத்தத்தையே காணோம்"னு என்கிட்ட கேட்டாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு முழம்கூட இருக்காது. குழலிக்கு ஒரே குஷி. "அம்மா! அப்பாவுக்கு என்னைத் தெரியலம்மா!"ன்னு கைதட்டிச் சிரிச்சா. அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்ல. அவருக்கும்தான். அன்னிக்கு அவரு சரியாச் சாப்பிடக்கூட இல்ல.

தட்டுல கையை வெச்சுக்கிட்டே, "கோதை, இவ இருக்கும்போது இல்லாத மாதிரி தெரியுது"ன்னாரு. "இல்லாதப்போ இருக்கற மாதிரியும் தெரியுமா?"

தண்ணி டம்ளரை அவரு பக்கம் நகர்த்தி வெச்சேன். எனக்குத் தெரிஞ்ச பதிலைச் சொல்ல எனக்கே தைரியம் இல்ல.

அது நடந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். மத்தியானம் சாப்பாட்டு நேரம். லேப்ல டப்பாவைத் திறந்து முதல் வாய் வெக்கறேன், கீழ் வீட்டு ஷகிலா அக்கா ஃபோன் பண்ணினாங்க.

"கோதை, உன் பொண்ணு மேலதானே இருக்கா?"

"ஏன்கா?"

"நான் இப்போதான் கடைக்குப் போயிட்டு வரேன். லாரி நிக்குது. சம்ப் திறந்து கிடக்கு. ஓரத்துல குழலி செருப்பு ஒண்ணு கிடக்குது. அந்த ரோஸ் செருப்பு. ஒண்ணுதான் இருக்கு. உள்ளே எட்டிப் பாத்தேன், தண்ணி நுரையா கொட்டுது, ஒண்ணும் தெரியல. லாரிக்காரனையும் காணோம். மேலே கூப்பிட்டுப் பாத்தேன், இந்த மோட்டார் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? எனக்கு இந்த முட்டியை வெச்சுக்கிட்டு ஏற முடியலம்மா..."

அவங்க பேசிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு அதுக்கு மேல காது கேக்கல. நுரைக்கு அடியில என் பொண்ணு கிடக்கறா. முடி தண்ணியில விரிஞ்சு, ஒரு கால்ல மட்டும் செருப்போட. எனக்கு அது அப்பட்டமாத் தெரிஞ்சுது. லேப் சுவர் தெரியல, சாப்பாட்டு டப்பா தெரியல, அது தெரிஞ்சுது.

அவருக்கு ஃபோன் அடிச்சேன். அவருகிட்ட இன்னும் அந்தப் பழைய பட்டன் ஃபோன்தான். கண்ணில்லாத நாள்ல இருந்து கைக்குப் பழகினதுன்னு மாத்த மாட்டேன்னுட்டாரு. எடுத்தாரு.

"பாப்பா எங்கே?"

"தூங்கறா."

"நீங்க எங்கே இருக்கீங்க?"

"அடுப்படியில. பால் வெச்சிருக்கேன். ஏன் மூச்சு வாங்குது உனக்கு?"

"பாப்பாவைப் பாத்தீங்களா?"

"இதோ, இங்கேர்ந்தே தெரியுதே. கட்டில்ல படுத்திருக்கா."

"அது அவ இல்ல!"

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கற சத்தம்.

"அது உங்க சில்லு காட்டறதுங்க! அவ தினம் அந்த நேரம் அங்கேதான் தூங்குவா, அதான் காட்டுது! சம்ப் திறந்திருக்கு. அவ செருப்பு ஓரத்துல கிடக்குது. ஷகிலா அக்கா பாத்துட்டுச் சொல்றாங்க. ஓடுங்க!"

"கோதை, என் கண்ணு முன்னால இருக்கா. போர்வை ஏறி எறங்குது. இரு, ரெண்டு எட்டுதான், தொட்டுப் பாத்துடறேன்..."

"தொட நேரம் இல்லைங்க! தண்ணி கொட்டிக்கிட்டு இருக்கு! பாப்பா தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கீங்க! ஓடுங்க!"

நான் கத்தின கத்தல்ல லேப்ல ரத்தம் குடுக்க உக்காந்திருந்தவங்க எழுந்துட்டாங்க. அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கவிழ்ந்த சத்தம். அவரு ஃபோனைக் கட் பண்ணல. கையிலேயே வெச்சுக்கிட்டு ஓடறாரு. படியில அவரு காலு தடதடன்னு இறங்கறது கேக்குது. மோட்டார் சத்தம் பெருசாகுது. ஷகிலா அக்கா "தம்பி, பாத்து! தம்பி!"ன்னு கத்தறாங்க. அப்புறம் அவரு குரல், ரொம்பக் கிட்ட, என் காதுக்குள்ளயே கேட்டுச்சு.

"மூடிதான் கோதை தெரியுது. மூடி போட்டிருக்கு."

"குதிங்க!"

ஷகிலா அக்கா அப்புறம் சொன்னாங்க. ஓரத்துல வந்து நின்னாராம். ஒரு கையால கண்ணாடிக் கேமராவைப் பொத்திக்கிட்டாராம். கெட்டித் தரையில காலை வெக்கற மாதிரி ஒரு எட்டு எடுத்து வெச்சாராம்.

நான் ஆட்டோவுல போய் எறங்கும்போது பார்க்கிங்ல கூட்டம். லாரிக்காரரும் எதிர்க் கடைக்காரரும் சேர்ந்து கயிறு விட்டுத் தூக்கியிருக்காங்க. ஹோஸ் மாட்டற இரும்புல தலை மோதியிருக்கு. பின்மண்டையில இருந்து ரத்தம் தண்ணியோட ஒழுகுது. மூக்குக் கண்ணாடியைக் காணோம். உயிர் இருக்கு. வாய் மட்டும் திரும்பத் திரும்ப ஒண்ணையே சொல்லுது. "உள்ளே தேடினேன். கை எட்டல. உள்ளே தேடினேன். கை எட்டல."

நான் சம்ப்புக்குள்ள எறங்கப் போனேன். யாரோ என் இடுப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்போ படிக்கட்டுல இருந்து ஒரு குரல் கேட்டுச்சு.

"அம்மா, ஏன் எல்லாரும் கத்தறாங்க?"

பச்சைக் கலர் பனியன், அரை டிராயர். ஒரு பக்கக் கன்னத்துல தலகாணி மடிப்பு அப்படியே அச்சா விழுந்திருக்கு. கண்ணைக் கசக்கிக்கிட்டு என் பொண்ணு நிக்கறா. அப்பா ஓடின சத்தத்துல பாதி முழிச்சு, திரும்பவும் தூங்கிட்டாளாம். செருப்பைத் தெரு நாய் இழுத்துக்கிட்டு வந்து போட்டிருக்கு. இன்னொண்ணு பைக்குக்கு அடியில கடிபட்டுக் கிடந்துச்சு.

எனக்குச் சந்தோஷம்தான் முதல்ல வந்துச்சு. அதைச் சொல்லியே ஆகணும். அவரு ரத்தத்துல கிடக்கறாரு, எனக்கு 'அப்பாடா'ன்னு இருந்துச்சு. அப்புறம்தான் திரும்பி அவரைப் பாத்தேன். ரெண்டே எட்டு. தொட்டுப் பாத்துடறேன்னு கேட்டாரு. நான் விடல.

சம்ப் தண்ணி பின்மண்டைக் காயத்துக்குள்ள போய்ச் சீழ் பிடிச்சிடுச்சு. உயிரா சில்லானு டாக்டர் கேட்டாங்க. சில்லை எடுத்துட்டாங்க. அந்த இடத்துல இனி எதையும் வெக்க முடியாதுன்னுட்டாங்க. ரெபேக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அவ ஒரு வார்த்தை குத்திக் காட்டல. காட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில இருந்த நாள் முழுக்க அவரு அன்னிக்கு நடந்ததைப் பத்திக் கேக்கவே இல்ல. பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போனா, தலையில இருந்து கால் வரைக்கும் தடவிப் பாப்பாரு. பொண்ணு நல்லா இருக்கா, அது போதும்னு இருக்காருன்னு நான் நெனைச்சேன். அவளை உள்ளே இருந்து வேற யாரோ தூக்கிட்டாங்கன்னு அவரு நெனைச்சுக்கிட்டு இருந்தா நெனைச்சுக்கிட்டே போகட்டும்னு இருந்தேன். கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சு எனக்குச் சோறு எறங்கல. 'உங்க கண்ணு சரியாத்தான் பாத்துச்சு, நான்தான் உங்களைக் குழியில தள்ளினேன்'னு எந்த வாயால சொல்றது?

வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு சாயங்காலம், கட்டில் ஓரத்துல உக்காந்திருந்தாரு. கையை நீட்டி மெத்தையைத் தடவிக்கிட்டே இருந்தாரு. குழலி பக்கத்துல உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தா. நான் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன்.

"கோதை, அன்னிக்கு இவளைத் தண்ணியில இருந்து யாரு தூக்கினாங்க? லாரிக்காரரா?"

என் கையில இருந்த துணி அப்படியே நின்னுச்சு. எனக்கு முன்னாடி குழலி பேசிட்டா.

"நான் தண்ணியிலயே விழலப்பா. இங்கதான் தூங்கிட்டு இருந்தேன். நீதான் ஓடிப் போயிட்ட."

இப்போ என்னைத் திட்டுவாரு, தட்டைத் தூக்கி எறிவாரு, வெளியே போன்னு சொல்லுவாருன்னு நான் நிக்கறேன். எதைப் பண்ணினாலும் வாங்கிக்கணும்னு நிக்கறேன். அவரு முகம் மெல்ல மெல்ல விரிஞ்சுது. சிரிச்சாரு. கட்டுப் பிரிச்ச அன்னிக்குக்கூட அப்படிச் சிரிக்கல.

"இங்கேயா இருந்தா? கட்டில்லயா?"

"ம்"னா குழலி.

"அப்போ அது நிஜம் கோதை! நான் நிஜமாவே இவளைப் பாத்திருக்கேன்!" கண்ணுல தண்ணி கொட்டுது அவருக்கு. "அந்த டேபிள் விஷயத்துக்கப்புறம் எனக்கு எதுவுமே நம்பிக்கை இல்ல. இவளைப் பாக்கறேனா, சில்லு வரைஞ்ச பொம்மையைப் பாக்கறேனான்னு தினம் செத்துக்கிட்டு இருந்தேன். கடைசியாப் பாத்ததாவது நிஜமா இவளேதான். போதும் எனக்கு. கண்ணு போனா போகட்டும். இப்பவும் அப்படியே நிக்குது கோதை. மஞ்சள் கவுன் போட்டுக்கிட்டு, கழுத்துல வெள்ளை லேஸ் வெச்சது, ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு..."

மஞ்சள் கவுன். நாங்க ரெபேக்காகிட்ட குடுத்த பிறந்தநாள் ஃபோட்டோவுல இருக்கற கவுன். பத்தாமப் போயி, போன வருஷமே பாத்திரக்காரம்மாகிட்ட போட்டு ஒரு டப்பா வாங்கிட்டேன்.

குழலி முறுக்கை வாயில இருந்து எடுத்துட்டு நிமிர்ந்து அவரைப் பாத்தா. "அப்பா, நான்..."

நான் ஒரே தாவாத் தாவி அவ வாயைப் பொத்தினேன்.

"ஆமாங்க," என் குரல் எனக்கே வேற யாரோடதோ மாதிரி கேட்டுச்சு. "மஞ்சள் கவுன்தான் போட்டிருந்தா."

அவரு சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டினாரு. பாப்பா என் உள்ளங்கைக்குள்ள இன்னும் ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தா. நான் கையை எடுக்கல.